தூக்கமின்மையைக் குறைக்க மாணவர்களுக்கு ஒரு திட்டம்: சொற்பொழிவு மட்டும் போதுமா?

இளவேனில் | திங்கள், இரவு 10:48

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் தாதிமை படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. சமூகச் சுகாதாரப் பாடத்துக்காக ஒரு சுகாதாரக் கல்வித் திட்டத்தை வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் நான்கு பேர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், கல்லூரி மாணவர்களின் தூக்கமின்மை. எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் தமிழ் மாணவர் மன்றத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, "எழுதுவதோடு ஏன் நிறுத்துகிறீர்கள், எங்களிடமே நடத்துங்களேன்" என்று கேட்டுவிட்டார்கள். முப்பது பேர்வரை சேருவார்கள் போலிருக்கிறது.

முதல் வரைவு இதுதான்: சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரச் சொற்பொழிவு. பத்துக் குறிப்புகள் அடங்கிய துண்டறிக்கை. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருந்தால் திட்டம் பயன் தந்தது என்று எழுதிவிடலாம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்ற ஆண்டு இதே போன்ற ஒரு சொற்பொழிவுக்கு நானும் போனேன். குறிப்பெடுத்தேன், கேள்வி கேட்டேன், துண்டறிக்கையை மேசைக்கு மேலே ஒட்டினேன். அன்று இரவும் மூன்று மணிவரை இமை ஒட்டவில்லை. அந்த வினாத்தாளில் எனக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். எங்கே தவறுகிறோம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி | திங்கள், இரவு 11:36

தங்கையே, உன் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. நான் 14 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு கேள்வி: வரப்போகும் முப்பது பேரில் யாருக்குத் தூக்கமின்மை, யாருக்குத் தூக்கப் பற்றாக்குறை?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதிலிருந்துதான் பெரும்பாலான திட்டங்கள் கோணத் தொடங்குகின்றன. இரண்டு மணிவரை பாடவேலை செய்துவிட்டு ஏழு மணிக்கு எழுகிறவன், தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுகிறான். அவனுக்கு நேரம்தான் போதவில்லை. தூக்கமின்மை உள்ளவளுக்கு நேரம் இருக்கிறது, படுக்கை இருக்கிறது, களைப்பும் இருக்கிறது, ஆனால் தூக்கம் வருவதில்லை. வந்தாலும் நிலைப்பதில்லை. வாரத்தில் மூன்று இரவாவது இப்படி இருந்து, அது மூன்று மாதம் நீடித்து, பகல் வேலையையும் கெடுத்தால்தான் மருத்துவத்தில் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். முதலாமவனிடம் "சீக்கிரம் படு" என்று சொல்வது சரியான அறிவுரை. இரண்டாமவளிடம் அதையே சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் புரண்டுகொண்டிருப்பாள்.

அடுத்தது உன் துண்டறிக்கை. கோப்பி குடிக்காதே, அறையை இருட்டாக்கு, கைபேசியைத் தள்ளி வை என்ற பத்துக் குறிப்புகளைத் தூக்கச் சுகாதாரம் என்பார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தூக்கமின்மைக்கு இதை மட்டுமே தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்தக் குறிப்புகள் தவறல்ல, அவை மட்டும் போதாது. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்ததும் மாத்திரையை அல்ல, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. அதன் அடிப்படை, படுக்கையைப் பார்த்தாலே விழித்துக்கொள்ளப் பழகிவிட்ட உடலைத் திரும்பப் பழக்குவது. ஒரு சனிக்கிழமையில் அது நடக்காது, சில வாரங்கள் ஆகும்.

மூன்றாமாண்டு | செவ்வாய், அதிகாலை 12:20

அக்கா சொல்வதை என் உடம்பால் அறிந்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய சேவையில் இருந்தவரை எனக்குத் தூக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் பருவத் தேர்வின்போது இரண்டு வாரம் தூக்கம் கெட்டது. தேர்வு முடிந்தது, தூக்கம் திரும்பவில்லை. எங்களுடையது கூடத்தையும் சேர்த்து மூவறை வீடு. ஓர் அறையில் அப்பா அம்மா, மற்றதில் நானும் தம்பியும், கூடத்தில் பாட்டி. இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டு என்னுடையது. புரண்டால் கட்டில் கிறீச்சிடும், தம்பி கீழேயிருந்து காலால் ஓர் உதை விடுவான். அதனால் அசையாமல் படுத்திருப்பேன். எதிர்ப் புளோக்கின் தாழ்வார விளக்கு வெளிச்சம் சன்னல் கம்பிகளின் நிழலைக் கூரையில் விழவைக்கும். மின்தூக்கி எந்த மாடியில் நிற்கிறது என்று ஒலியை வைத்தே சொல்லிவிடுவேன். ஒரு மணிக்குக் கைபேசியில் நேரம் பார்ப்பேன்: இப்போது தூங்கினால் ஐந்தரை மணி நேரம் கிடைக்கும். இரண்டு மணிக்குப் பார்ப்பேன்: நாலரை. என் தூக்கத்தைத் தின்றது அந்தக் கணக்குதான்.

ஆலோசகர் ஒருவரிடம் போனேன். "தூக்கம் வராவிட்டால் படுக்கையில் கிடக்காதீர்கள், எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்புங்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள்" என்றார். 1972இலேயே ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த முறை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எளிதாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து எங்கே போவது? கூடத்தில் பாட்டி. முதல் நாள் கீழே இறங்கினேன். "ஏனப்பா, வயிறு வலிக்கிறதா? மைலோ கலக்கித் தரட்டுமா?" என்று எழுந்துவிட்டார். பேச்சுச் சத்தத்தில் அம்மா வந்தார், விளக்கைப் போட்டார். இரவு இரண்டரை மணிக்கு வீடே விழித்துக்கொண்டது. மறுநாள் முதல் நான் இறங்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பாட்டியிடம் பகலில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். சமையலறைச் சன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு வைத்தார். அதன்பின் நான் இறங்கி வரும்போதெல்லாம் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். விழித்துத்தான் இருப்பார், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசமாட்டார். மூன்று வாரம் போனபின், முக்காலியில் உட்காரும் இரவுகள் குறையத் தொடங்கின.

இளவேனில், உங்கள் துண்டறிக்கையில் "எழுந்து வேறு அறைக்குச் செல்லவும்" என்று இருந்தால், அந்த வேறு அறை யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

புக்கிட்பாத்தோக்_அம்மா | செவ்வாய், காலை 9:05

இவ்வளவு பேசுகிறீர்கள், கைபேசியைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லையே. என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போர்வைக்குள் வெளிச்சம் தெரிவதை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், பதினொரு மணிக்குக் கைபேசியைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை உங்கள் திட்டத்தின் முதல் விதியாகப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இரவுப்பணி | செவ்வாய், பிற்பகல் 3:40

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. கைபேசியால் தூக்கம் தள்ளிப்போகிறது, மறுக்கவில்லை. ஆனால் தூக்கமில்லாத பிள்ளைகளோடு பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பலர் கைபேசியால் விழித்திருப்பதில்லை, விழித்திருக்கும் தனிமையைத் தாங்கமுடியாமல் கைபேசியை எடுக்கிறார்கள். பிடுங்கி வைத்துவிட்டால் இருட்டும் எண்ணங்களும்தான் மிஞ்சும். உங்கள் மகளிடமே ஒருநாள் கேளுங்கள், எது முதலில் வருகிறது என்று. அதட்டாமல் கேளுங்கள்.

எண்ணங்களுக்கு என்ன செய்வது? மாலையில், படுக்கைக்கு வெகுநேரம் முன்பே, பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் கவலைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி மூடிவைக்கும் பழக்கம் உதவும். 2018இல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளையர்களிடம் நடந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டு எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் விரைவாகத் தூங்கினார்கள். தாளில்தான் எழுத வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கைபேசி தானாகவே கையை விட்டுப் போகும்.

பழைய_ஆசிரியர் | செவ்வாய், மாலை 6:15

நான் பணி ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். நீங்கள் எல்லோரும் மாணவனின் அறைக்குள்ளேயே நிற்கிறீர்கள். வெளியே வந்து கடிகாரத்தையும் பாருங்கள்.

1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணி 11:30 ஆனபோது முள்ளை நகர்த்தி 12 ஆக்கினோம், 1982 பிறந்தது. அன்றுமுதல் சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆனால் நாம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்கு அருகில். சூரியனைக் கேட்டால் ஏழு மணி நேரம்தான் என்று சொல்லும். அதனால்தான் இங்கு ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டி விடிகிறது. எட்டு மணி வகுப்பு என்பது சூரியக் கணக்கில் ஏழு மணி வகுப்பு. ஜூரோங்கிலிருந்தோ பொங்கோலிலிருந்தோ தீவைக் கடந்து வருகிற பிள்ளை இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. பதின்ம வயதின் பிற்பகுதியில் உடலின் கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போகிறது, இரவு வெகுநேரம் உறக்கம் வராது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

இதை நம் ஊரிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியின் ஜோஷுவா கூலி குழுவினர் 2023இல் ஆய்வு வெளியிட்டார்கள். வைஃபை இணைப்புத் தரவைக்கொண்டு 23,391 மாணவர்களின் வருகையைப் பார்த்ததில், எட்டு மணி விரிவுரைக்கு வருகை, பிந்தித் தொடங்கும் விரிவுரைகளைவிடச் சுமார் பத்து விழுக்காட்டுப் புள்ளி குறைவு. காலை வகுப்புள்ள நாள்களில் இரவுத் தூக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவு. வாரத்தில் காலை வகுப்புள்ள நாள்கள் கூடக்கூட மதிப்பெண் சராசரியும் குறைந்திருந்தது. பள்ளி அளவில், நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தொடக்க நேரத்தை 45 நிமிடம் தள்ளிவைத்தது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் மாணவிகள் முன்பைவிடக் கூடுதலாகவே தூங்கினார்கள்.

இளவேனில், உன் திட்டத்தில் மாணவனுக்கு மட்டும் பாடம் நடத்தாதே. மன்றத்தின் பெயரால் துறைத் தலைவருக்கு ஒரு கடிதமாவது போகட்டும்.

இளவேனில் | செவ்வாய், இரவு 9:30

ஐயா, எட்டு மணி வகுப்பை எங்களால் மாற்ற முடியுமா என்று தெரியவில்லை. ஆனாலும் கடிதம் எழுதுகிறோம். விருப்பப் பாடங்களுக்கு நேரம் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதையாவது முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்.

எங்கள் விரிவுரையாளர், சுகாதாரக் கல்வி அறிஞர் லாரன்ஸ் கிரீனின் திட்டமிடல் மாதிரியைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். நடத்தைக்குப் பின்னால் மூன்று வகைக் காரணிகளைத் தேடச் சொல்கிறது அந்த மாதிரி. இதுவரை அந்த மூன்று கட்டங்களையும் மனப்பாடமாக நிரப்பி வைத்திருந்தேன். இன்று உங்கள் பதிவுகளைப் படித்தபின் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். முன்னமைவுக் காரணி, அதாவது மனத்தில் முன்பே இருப்பது: நேரத்தோடு படுத்தால் தூக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கை, விழித்திருந்து படிப்பதே உழைப்பு என்ற எண்ணம். இயலச்செய்யும் காரணி, அதாவது செய்வதற்கு வழிவிடும் வசதியும் சூழலும்: அந்தப் பிளாஸ்டிக் முக்காலி, வகுப்பு நேரம். வலுவூட்டும் காரணி, அதாவது தொடர்ந்து செய்யத் துணைநிற்பவர்கள்: பேசாமல் திரும்பிப் படுத்த பாட்டி. நான் நடத்த நினைத்த சொற்பொழிவு முதல் கட்டத்தை மட்டும்தான் தொடுகிறது.

எண்ணும்எழுத்தும் | புதன், காலை 7:50

தரவுப் பகுப்பாய்வு என் தொழில். வினாத்தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறிவை அளக்கும் வினாத்தாளை முதன்மை அளவுகோலாக வைக்காதீர்கள். தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது: ஏழே கேள்விகள், 0 முதல் 28 வரை மதிப்பெண். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவ ரீதியாகக் கவனிக்க வேண்டிய தூக்கமின்மை. பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு 1989 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் 21க்கு 5ஐத் தாண்டினால் தூக்கத்தின் தரம் மோசம் என்று கொள்வார்கள். முதலாவது உங்களுக்குப் பொருத்தம், சுருக்கமானதும்கூட. அதோடு ஒரு வாரத் தூக்கக் குறிப்பேடு: எப்போது படுத்தேன், சுமார் எப்போது தூங்கினேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன். காலையில் உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் மணி பார்த்து எழுதச் சொன்னால், மூன்றாமாண்டுத் தம்பி சொன்ன அந்தக் கணக்கை நீங்களே ஊட்டிவிடுவீர்கள்.

இதைவிட முக்கியம், எப்போது அளப்பது. ஒரு பருவத்தில் பதின்மூன்று கற்பித்தல் வாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, தேர்வுக்கு முந்திய வாரத்தில் இன்னொருமுறை அளந்தால், திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எல்லோர் தூக்கமும் கெட்டிருக்கும். தவறு உங்கள்மேல் விழும். தேர்வு முடிந்து விடுமுறையில் அளந்தாலோ, ஒன்றுமே செய்யாமல் பெயர் வாங்கிக்கொள்வீர்கள். முப்பது பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு மூன்றாம் வாரத்தில் தொடங்குங்கள், மறுபாதி காத்திருக்கட்டும். ஏழாம் வாரத்தில் இரு பாதியையும் ஒரே நாளில் அளந்துவிட்டு, காத்திருந்தவர்களுக்கு அப்போது தொடங்குங்கள். ஆட்கள் குறைவு, பெரிய முடிவுகளுக்கு வரமுடியாது. ஆனால் நேர்மையாக ஒப்பிட முடியும். நெறிமுறை அனுமதி தேவையா என்று விரிவுரையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரவுப்பணி | புதன், இரவு 8:10

ஓர் எச்சரிக்கை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் தூக்க நேரத்தைச் சுருக்கும் ஒரு முறை உண்டு. படுக்கையில் இருக்கும் நேரத்தை, உண்மையில் தூங்கும் நேரத்தின் அளவுக்குக் குறைத்து, பிறகு மெல்லக் கூட்டுவது. நல்ல பலன் தரும், ஆனால் மாணவர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் காரியமல்ல. வலிப்பு நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவருக்கு ஆபத்தாக முடியலாம். அதைத் தேர்ந்தவர்களிடம் விட்டுவிடு. நீ நடத்தக்கூடியவை: ஒரே எழும் நேரம், எழுந்ததும் வெளி வெளிச்சம், படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது, கவலை நோட்டு, மாலைக் கோப்பியைத் தவிர்ப்பது. கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஐந்து மணி நேரம்போல ஆகும். ஆறு மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி பதினொரு மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். தடுமன் மாத்திரையைத் தூக்க மாத்திரையாக விழுங்கும் வழக்கத்தையும் பேசு, விடுதிகளில் அது இருக்கிறது.

பலத்த குறட்டை, பல நாளாக நீடிக்கும் மனச்சோர்வு, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இவற்றில் எது தென்பட்டாலும் உன் திட்டத்துக்குள் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதே. பல்கலைக்கழக ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போ. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்களுக்கு 1767 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது. அதை ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சிடு.

இளவேனில் | ஞாயிறு, இரவு 7:25

நேற்று மன்றத்தில் ஒரு சிறு கூட்டம் நடத்தினோம். பேச்சு எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்து, "இரவு இரண்டு மணிக்கு நீங்கள் விழித்திருக்கும்போது என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேட்டோம். பெயர் எழுத வேண்டாம் என்றோம். இருபத்திரண்டு சீட்டுகள் வந்தன. ஒருவர், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தட்டச்சு செய்யும் ஒலி என்று எழுதியிருந்தார். ஒருவர், அண்ணன் இரவுப்பணி முடிந்து வரும் நேரம் அது, கதவு திறக்கும் சத்தம் கேட்டபின்தான் நிம்மதி என்று எழுதியிருந்தார். ஒரு சீட்டில் "அப்பாவின் கடன்" என்று இரண்டே சொற்கள். அதைப் படித்தபின் நாங்கள் நால்வரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மாணவர் யாரென்று தெரியாது. அதனால் கடைசியில் எல்லோருக்குமே ஆலோசனைச் சேவையின் விவரத்தைக் கொடுத்தனுப்பினோம்.

இப்போது திட்டம் இப்படி வந்திருக்கிறது. நான்கு வாரம், வாரம் ஒருமுறை 45 நிமிடம், எட்டுப் பேருக்கு மேல் போகாத சிறு குழுக்கள். முதல் வாரம், தூக்கமின்மையா தூக்கப் பற்றாக்குறையா என்று அவரவரே பிரித்துப் பார்ப்பது. இரண்டாம் வாரம், ஒவ்வொருவரும் தம் வீட்டின் அல்லது விடுதி அறையின் படத்தை வரைந்து, இரவில் எழுந்து உட்கார ஓரிடம் கண்டுபிடிப்பது. மூன்றாம் வாரம் எண்ணங்களுக்கும் கோப்பிக்கும். நான்காம் வாரம், தடுக்கி விழுந்த இரவுகளைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும். துண்டறிக்கை இல்லை, குறிப்பேடுதான். இரண்டாம் வாரத்தோடு பெற்றோருக்குத் தமிழில் ஒரு கடிதமும் போகும். வரைவு இதோ:

"அன்புள்ள பெற்றோரே, தாத்தா பாட்டியரே, இரவில் உங்கள் பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். விளக்கைப் போடாதீர்கள். காரணம் கேட்காதீர்கள். அது அவர் செய்துவரும் பயிற்சியின் ஒரு பகுதி."

புக்கிட்பாத்தோக்_அம்மா | ஞாயிறு, இரவு 10:02

மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று "தீர்கள்" இருக்கின்றன, மூன்றும் "செய்யாதீர்கள்". நடு இரவில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் தாய்க்குக் கைகால் ஓடாது. எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் சொன்னால் எங்களால் இருக்க முடியாது. என்ன செய்யலாம் என்று சொல்.

இரவுப்பணி அவர்கள் சொன்னபடி என் மகளிடம் கேட்டேன். முதலில் தூக்கம் போகிறது, பிறகுதான் கைபேசி என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் கேட்டதில்லையே அம்மா" என்றாள். நேற்று இருவருமாக அறை மூலையில் ஒரு பாயும் சின்ன விளக்கும் வைத்தோம்.

இளவேனில் | ஞாயிறு, இரவு 10:40

அம்மா, திருத்திவிட்டேன். இப்போது கடிதத்தின் முதல் வரி: "உங்கள் வீட்டில் உங்கள் பிள்ளை இரவில் சற்று நேரம் அமைதியாக உட்கார ஓரிடத்தை, பகலிலேயே அவரோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள்." அடுத்த வரி: "அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், நீங்கள் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம், கவலையாக இருந்தால் காலையில் கேளுங்கள்."

மூன்றாமாண்டு அண்ணன் சம்மதித்தால், அந்த இரண்டாம் வரி உங்கள் பாட்டியிடமிருந்து வந்தது என்று குழுவில் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாமாண்டு | ஞாயிறு, இரவு 10:58

தாராளமாகச் சொல்லுங்கள். பாட்டியிடம் இப்போதுதான் படித்துக் காட்டினேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிடச் சொன்னார்.